மூன்று தடவை கேட்காத ஊரிலிருந்து

உல்ம், ஜெர்மனி
9 டிசம்பர் 2003

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஜாய்ஸ் அக்காவுக்கு, தம்பி ஜெபசிங் எழுதிக்கொள்ளும் ஸ்தோத்திரம். தேவ கிருபையால் நான் இங்கே சுகம். அதாவது உடம்பு சுகம். புத்தி எப்படி இருக்கிறது என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். நெம்மேலியில் அம்மாவும், செங்கல்பட்டில் நீயும் மோசஸ் மாமாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நீ அனுப்பிய பெண் போட்டோ வந்தது. லட்சணமாக இருக்கிறார், டீச்சர் வேலை வேறு. என் மூஞ்சிக்கு அதிகம். போன ஞாயிறு போனில் நீ, "இன்னாடா, பொண்ணு புட்ச்சிகீதா இல்லியா? அவங்க கேட்டுகினே கீறாங்க, கிறிஸ்மஸுக்குள்ள ஒரு பதில சொல்லித் தொல" என்று கத்தினாய். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் சரியில்லை. இதற்கு முந்தைய கடிதங்களில், "கீழே ரொட்டிக் கடை அம்மா என்னைப் பிள்ளைபோலக் கவனித்துக்கொள்கிறார்" என்று எழுதினேன் அல்லவா? அந்த அம்மாவுக்கு வயது இருபத்தாறு. பெயர் காத்ரின். என்னை மன்னித்துவிடு.

அவளுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு ஜெர்மனில், கம்பெனி கொடுத்த கேசட்டின் முதல் பாடம் மட்டும்தான். அதிலும் ஹாம்பர்க் போகும் ரயில் எந்த பிளாட்பாரத்தில் வரும் என்பதுதான் பிழையில்லாமல் வரும். ஆகவே தினமும் காலையில் கடைக்குப் போய் அதைத்தான் கேட்டேன். அவளும் தினமும் சிரித்துக்கொண்டே ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு ரொட்டிப் பையின்மேல் படம் போட்டுப் பேச ஆரம்பித்தோம். எந்த ஊர் என்று கேட்டாள். மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயிலை வரைந்து காட்டினேன். அடுக்குக் கேக் என்று நினைத்து, எத்தனை முட்டை என்று விரலால் கேட்டாள். சரி, வேறு அடையாளம் சொல்வோம் என்று நம்மூர்ப் பக்கத்து முதலைப் பண்ணையை வரைந்தேன். அன்றிலிருந்து நம் வீட்டில் பதினாலு முதலை வளர்வதாக அவள் நம்புகிறாள். நானும் மறுக்கவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். கோட்டு போட்டுக்கொண்டு, பசியோடு போனேன். அவள் அம்மா பெரிய பாத்திரத்தில் இறைச்சியைக் கொண்டுவந்து நீட்டினார். உனக்குத்தான் தெரியுமே, சின்ன வயதில் யார் வீட்டுக்குப் போனாலும் அம்மா நம் தொடையைக் கிள்ளிச் சொல்வாளே: "குட்த்த ஒடனே கைய நீட்டாத. மூணு வாட்டி கேட்டாதான் வாங்கணும். இல்லாத வூட்டுப் புள்ளைங்க, சோத்துக்கு அலையிதுங்கன்னு பேசுவாங்க." அடுத்தவர் நிலத்தில் வேலை செய்து, பின்வாசலில் நின்று கஞ்சி வாங்கிய குடும்பம். அம்மாவுக்கு அந்த ரோஷம். எனவே நானும் கையை நெஞ்சில் வைத்து, "வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது" என்று சைகை காட்டினேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போயேவிட்டார்! இரண்டாவது தடவை கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவே இல்லை. உருளைக்கிழங்கு வந்தது, வேண்டாம் என்றேன், போய்விட்டது. கேக் வந்தது, அதுவும் போய்விட்டது. மூன்று மணி நேரம் நால்வர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வயிறு போட்ட சத்தத்துக்கு அவர்கள் வீட்டு நாய் குரைத்தது. நால்வரில் காத்ரின் மட்டும் முகம் வாடி என்னையே பார்த்தாள். அறைக்கு வந்து நீ கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒரு முழு ரொட்டியை நின்றபடியே தின்றேன்.

போகட்டும், நாமாவது முறையாக உபசரிப்போம் என்று அவளை என் அறைக்கு அழைத்துப் பிரியாணி செய்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். நான் விடுவேனா? வெட்கப்படுகிறாள் பாவம் என்று மூன்றாவது தட்டு வைத்தேன். கையால் மறைத்தாள், கையை நகர்த்திவிட்டு நாலாவதும் வைத்தேன். மரியாதைக்காக அத்தனையும் சாப்பிட்டு, இரண்டு நாள் கடைக்கு லீவு போட்டாள். கூடத் தங்கியிருக்கும், ஜெர்மன் நன்றாகத் தெரிந்த ஊரப்பாக்கம் அருணகிரி, "இன்னா மச்சான், லவ் பண்றியா, ஆளக் கொல்லப் பாக்கிறியா?" என்று கேட்டான்.

அப்படியும் அவள் என்னை விடவில்லை அக்கா, அதுதான் கொடுமை. போன வெள்ளிக்கிழமை டிராம் ஸ்டாப்பில், இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வா, என் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், நீதான் என் ஆள் என்று சொல்லப்போகிறேன். என் நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. ஆனால் பாழாய்ப்போன வாய் இருக்கிறதே, அது பழக்கத்தில், "நோ, நோ, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றது. சொல்லிவிட்டுப் புன்னகையோடு இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தேன். அவள் "ஓகே" என்றாள். டிராம் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான். நான் அங்கேயே நின்று அழுதேன். நாலு நாளாக ரொட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள். "நீயா போய்க் கேளேன்டா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா கீது?" என்கிறான் அருணகிரி. எப்படிக் கேட்பது? நானாகப் போய்க் கேட்டால் அலைவதாக ஆகாதா?

ஆகையால் அக்கா, நமக்கு நம் ஊர்தான் சரி. அங்கே "வேண்டாம்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நிம்மதியாக இருக்கலாம். டீச்சர் வீட்டில் சம்மதம் என்று சொல்லிவிடு. இந்தக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே, தன்னால்தான் என்று வருத்தப்படுவாள். மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். சமாதானத்தின் தேவன் உங்கள் அனைவரோடும் இருப்பாராக, கொஞ்சம் என்னோடும்.

உன் அன்புத் தம்பி,
ஜெபசிங்

பின்குறிப்பு: கவரை ஒட்டித் தபால் பெட்டிக்குப் போகும் வழியில் கால் தானாகக் கடைக்குள் நுழைந்துவிட்டது. அருணகிரி முன்பே காகிதத்தில் எழுதி என் பையில் திணித்திருந்த ஜெர்மனை, ஊரே கேட்கும்படி வாசித்தேன்: "கிறிஸ்துமஸுக்கு நான் வரலாமா?" அவள் "நைன்" என்றாள், அதாவது வேண்டாம். இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் அல்லவா, திரும்பி நடந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் ஓடிவந்து சட்டையைப் பிடித்துவிட்டாள். முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி, மீதி இரண்டை ஆட்டினாள். அருணகிரிப் பாவி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறான். மீதி இரண்டு தடவையும் கேட்டேன். மூன்றாவதற்கு "யா" என்றாள். கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளது எல்லாம் ரத்து. டீச்சர் வீட்டில், தம்பிக்கு வேறு இடம் அமைந்துவிட்டது, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே அக்கா, ஏதோ உபசாரத்துக்குச் சொல்கிறோம் என்று தாம்பாளத்தட்டோடு வந்து நின்றுவிடுவார்கள். நாலு தடவையாவது சொல்.