மைனஸ் குடை

1979 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். டெல்லியில் மெல்லிய தூறல். எலும்பைத் தேடிப் பிடித்துக் கடிக்கிற குளிர். இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், மூன்று விதமான பயம் ஆகியவற்றை அணிந்து நின்றுகொண்டிருந்தேன். (மூன்றாவது பயத்துக்கு இன்றும் பெயர் தெரியாது.)

அப்போது நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். தற்காலிகம். ஒன்றரை வருடமாகத் தற்காலிகம். அன்று ஆய்வாளர் வந்து என் வகுப்பைப் பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் எனக்குப் பெண் வேறு பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா என் நிறம், உயரம் எதையும் கேட்கவில்லை. "நிரந்தரம் ஆயிடுச்சா?" என்று மட்டும் மாதாமாதம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

பாடம், மட்டு மதிப்பு. ஓர் எண் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதுவே அதன் மட்டு மதிப்பு. வலப்பக்கம் ஐந்தடி போனாலும் இடப்பக்கம் ஐந்தடி போனாலும் தூரம் ஐந்துதான்; தூரத்துக்கு மைனஸ் கிடையாது. எண்ணின் இருபுறமும் செங்குத்தாக ஒவ்வொரு கோடு போட்டுக் காட்டுவோம். இவ்வளவுதான் விஷயம். நாலு நாள் தொண்டை வற்றக் கத்தியும் ஏறவில்லை. எல்லாம் டெல்லியில் பிறந்த பிள்ளைகள். வீட்டில் பேசுகிற தமிழ் வரும், புத்தகத் தமிழ் வராது. 'மட்டு' என்றாலே திருதிருவென்று விழித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த மேதாவி யோசனை வந்தது. வகுப்பு வாசலின் இரண்டு நிலைக்கால்கள்தான் அந்த இரண்டு கோடுகள் என்றேன். மைனஸ் எண்ணாக வருகிறவர் மர ஸ்கேல் ஒன்றைப் படுக்கையாகப் பிடித்து வர வேண்டும்; அதுதான் மைனஸ் குறி. வாசலில் காவலுக்குச் செல்வி. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற பெண், சொன்னதைச் சொன்னபடி செய்வாள். ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டு ஆளை மட்டும் உள்ளே விட வேண்டும்.

"யாரா இருந்தாலுமா சார்?"

"யாரா இருந்தாலும்!" என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் குஷியாகிவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் நான் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை.

தலைமையாசிரியர் முன்னால் வழிகாட்ட, ஆய்வாளர் வந்தார். தூறலில் நனைந்த குடையை மடக்கி, கக்கத்தில் படுக்கையாக இடுக்கியிருந்தார். கறுப்பாக, நீளமாக, அப்பழுக்கில்லாத மைனஸ்.

"ருக்கோ சார்! மைனஸ் உள்ள வரக்கூடாது!"

இந்தியில் 'நில்' என்று அதட்டிவிட்டு, செல்வி குடையின் பிடியைப் பற்றி இழுத்தாள். அவர் முனையைப் பற்றி இழுத்தார். தினமும் நாலு பராத்தா சாப்பிடுகிற பெண் அவள்; விடவில்லை. குடை படீரென்று விரிந்தது. இரண்டு கம்பி முறிந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி பறந்து தரையில் விழுந்தது. அதைக் காப்பாற்ற ஓடி வந்த தலைமையாசிரியர் சரியாக அதன் மேலேயே காலை வைத்தார்.

காலை எடுத்துப் பார்த்தவர் செல்வி மேல் பாய்ந்தார். "ஏம்மா, மட்டு மரியாதை தெரியாது உனக்கு?"

செல்வியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு நாளாகக் கேட்கிற சொல்லாயிற்றே!

"தெரியும் சார்! ஜீரோலேர்ந்து எவ்ளோ தூரம்ங்கறதுதான். இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பாக்கக் கூடாது!"

மதிப்பும் மரியாதையும் ஒன்றுதான் என்று அவள் எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. அகராதி அவள் கட்சி.

ஆய்வாளர் குரல் வந்த திசையை உத்தேசமாகப் பார்த்து, "அப்போ பிளஸ் அஞ்சு வந்தா என்னம்மா பண்ணுவே?" என்றார்.

"அவன் கைலதான் ஒண்ணும் இல்லியே. அப்படியே விட்ருவேன்."

"ஜீரோ வந்தா?"

"அவன் எங்க சார் போனான், வர்றதுக்கு? அங்கியேதான இருக்கான்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வாத்தியாரே, பாடம் பாஸ். குடைதான் ஃபெயில்" என்றார். அதற்குள் நான் பாதி சாக்பீஸை மென்றிருந்தேன்.

மார்ச்சில் நிரந்தரமானேன். மே மாதம் கல்யாணம். முதல் வாரத்திலேயே இந்தக் கதையை மனைவியிடம் சொன்ன முட்டாள்தனத்தை என்னவென்பது? இன்றுவரை மழையில் நனைந்து நான் வீடு திரும்பினால், "ருக்கோ சார்!" என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது பேத்தியும் சேர்ந்துவிட்டாள். நானும் சண்டைக்குப் பயந்து குடையை வெளியே மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அப்படி மாட்டியதில் திருட்டுப் போனவை நான்கு.

குடை ரிப்பேர் நாலரை ரூபாய். கண்ணாடி முப்பத்தாறு (மிதித்தவர் தலைமையாசிரியர், கொடுத்தவன் நான்). திருட்டுப் போன நான்கு குடைகள் ஐந்நூற்று இருபது. நஷ்டக் கணக்குதான், முன்னால் ஒரு மைனஸ் போட வேண்டும். "அதெல்லாம் வாசலோட போச்சு" என்கிறாள் மனைவி. சரி, மட்டு மதிப்பையே சொல்கிறேன்: ஐந்நூற்று அறுபது ரூபாய் ஐம்பது பைசா.