மழைக்கு ஒதுக்கீடு இல்லை

ஒரு காரியத்தைக் கெடுக்கக்கூடிய காரணங்களில் மழையும் ஒன்று என்பது எங்கள் கரிசல்காட்டு ஆட்களுக்குத் தெரியாது. கோவில்பட்டிப் பக்கம் கல்யாணத்தன்று மழை பெய்தால் பந்தல் ஒழுகுகிறதே என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. சாம்பாரோடு மழைத்தண்ணீரும் சேர்ந்து இலையில் ஓடும். ராசியான பொண்ணு என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள். குடை எங்களுக்கு வெயிலுக்கான பொருள். இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு தீவுப் பயணத்துக்குத் திட்டம் போட்டேன்.

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்களின் பயணப்படிப் பட்டியல்களைத் திருப்பி அனுப்புவதில் எனக்குப் பெயர் உண்டு. (சென்னைக்குப் போய்வந்தவர் டிக்கெட்டை இணைக்கவில்லை என்றால், என்னைப் பொறுத்தவரை அவர் சென்னைக்குப் போகவே இல்லை. எழும்பூர் ஸ்டேஷனில் அவரை நானே பார்த்திருந்தாலும் சரி.) பிறர் பயணங்களை இவ்வளவு ஆராய்ந்தவனுக்குச் சொந்தப் பயணம் என்று பெரிதாக எதுவும் வாய்த்ததில்லை.

ஆரம்பித்து வைத்தவர் மாடியில் குடியிருக்கும் டீச்சர். அந்தமானுக்குப் போய்வந்த அவர் செல்போனில் காட்டிய படத்தை வாங்கிக்கொண்டு என் மனைவி கோமதி என்னிடம் வந்தாள்.

"ஏங்க, இதப் பாருங்க. முட்டளவு தண்ணியில நிக்காவ, கால்ல கெடக்க மெட்டி தெரியுது!"

"திருச்செந்தூரிலும் கடல் இருக்கிறதே" என்றேன்.

"அங்கன நின்னா நம்ம காலு எது, அடுத்தாளு காலு எதுன்னே தெரியாது. எனக்கு ஒரு தடவை இப்படி நிக்கணும். மூட்டு இன்னும் எத்தன நாளைக்குத் தாங்குமோ."

கல்யாணம் ஆன நாளிலிருந்து தனக்கென்று அவள் வைத்த முதல் விண்ணப்பம் அது. வேண்டும் என்று கேட்டால் அவசியம் என்ன என்று கேட்கிற மனிதனோடு குடும்பம் நடத்துகிறவள் கேட்பதையே விட்டிருந்தாள். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. உடனடி நடவடிக்கை என்று மனதுக்குள் குறிப்பெழுதிக்கொண்டேன்.

நடவடிக்கை என்றால் எனக்குத் தெரிந்த நடவடிக்கைதான். மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினேன். ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். போக்குவரத்து, தங்குமிடம், உணவு, எதிர்பாராச் செலவினம் என்று தலைப்பு வாரியாக ஒதுக்கீடு செய்தேன். (கோமதி வாங்கப்போகிற கிளிஞ்சல் மாலைகள் கடைசித் தலைப்பில் வரும்.) எல்லாவற்றிலும் குறைந்த தொகை ஆடி மாதத்துக்குத்தான் வந்தது. ஆடியில் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. மொய் செலவும் மிச்சம். இவ்வளவு பொருத்தமான மாதத்தை விட்டுவிட்டு ஜனங்கள் ஏன் ஜனவரியில் போய் விழுகிறார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

டிராவல்ஸ்காரப் பையன் மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

"ஆடியில அங்கன மழை இருக்கும் அண்ணாச்சி."

"அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?"

"மழைக்கா? இல்ல அண்ணாச்சி."

"அப்படியென்றால் போடு."

டீச்சர் நின்ற கடல், விமானம் இறங்கும் ஊரிலிருந்து கப்பலில் போகவேண்டிய ஒரு சின்னத் தீவில் இருந்தது. அங்கே கடற்கரையை ஒட்டிய விடுதிக்கு இரண்டு வாடகை இருந்தது. ரத்து செய்தால் பணம் திரும்பி வருவது ஒன்று, வராதது இன்னொன்று. திரும்பி வராதது மலிவு. ரத்து செய்கிற எண்ணம் உள்ளவனுக்கல்லவா அந்தக் கவலை? மலிவானதில் டிக் அடிக்கச் சொன்னேன்.

சென்னையில் இருக்கும் மகள் போனில் கத்தினாள். "அப்பா, அது சீசனே இல்ல. மழை கொட்டும்!"

"நல்லதுதானேம்மா?"

"என்னத்த நல்லது? கப்பல் ஓடாதுப்பா!"

சென்னைக்குப் போனதிலிருந்து மழையைப் பற்றி அவள் மரியாதைக்குறைவாகப் பேசுகிறாள் என்று எனக்கு ஏற்கெனவே வருத்தம் உண்டு. இடைசெவலில் மானாவாரி விவசாயம் பார்க்கும் என் மச்சினன் பெருமாளிடம் சொன்னேன். அவன் கண் கலங்காத குறை. "ஆடியில மழையா? அப்ப நல்ல ஊராத்தான் இருக்கும். போய்ட்டு வாங்க அத்தான்."

விமானத்தை விட்டு இறங்கும்போதே மழை. கோமதி கையிலிருந்த குடையை விரிக்கவே மறந்து அண்ணாந்து பார்த்தாள். அன்று முழுவதும் லாட்ஜ் வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டு, சினிமா பார்ப்பதுபோல மழை பார்த்தோம். பெருமாளுக்குப் போன் போட்டு மழைச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

"எத்தனை உழவு இருக்கும் அத்தான்?"

எங்கள் பக்கத்தில் மழையை உழவுக் கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு உழவு மழை என்றால் ஏர் இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்திருக்கிறது என்று பொருள்.

"உழவாவது! இதில் நெல்லே நடலாம்" என்றேன்.

"இங்கன செடியெல்லாம் காத்துல கருகிக் கெடக்கு" என்றான் அவன்.

மறுநாள் காலை மூட்டை முடிச்சுகளோடு துறைமுகத்துக்குப் போனோம். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கப்பல் போகாது என்று பலகை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் வரிசையில் நின்று, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ரத்து உத்தரவை எழுத்துமூலம் கேட்டேன். நல்ல வேளையாக, தமிழ்ப் பெண்.

"அந்தப் பலகைதான் சார் உத்தரவு."

"அதில் கையொப்பம் இல்லையே? எந்த அதிகாரியின் முடிவு?"

அவள் எனக்குப் பின்னால் கையை நீட்டினாள். திரும்பிப் பார்த்தேன். ஒரு அலை எழுந்து கப்பல் ஏறும் பாலத்தின் மேலேயே விழுந்தது.

"அவர்கிட்டதான் சார் கேக்கணும்."

கப்பல் கட்டணம் திரும்பி வந்தது. விடுதிக்காரர் போனில் தேன்போலப் பேசினார். அறை தயாராக இருக்கிறது, படுக்கையில் பூக்கூட வைத்திருக்கிறோம், வரமுடியாதது உங்கள் தரப்பு, விதி நீங்கள் ஒப்புக்கொண்டது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பூவை மட்டும் விட்டிருப்பேன். நாங்கள் போகாத அறைக்கும் வாடகை, தங்குகிற லாட்ஜுக்கும் வாடகை. அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று யோசித்தேன். என் பட்ஜெட்டில் எதிர்பாராதது எல்லாம் எதிர்பார்க்கப்பட்டிருந்தது. மழை மட்டும் வரவுப் பக்கத்தில் இருந்தது.

மூன்றாம் நாளும் கப்பல் இல்லை. கொண்டுபோன கடலைமிட்டாய் நமுத்துப்போய்ச் சப்பாத்திபோல மடங்கியது. அப்படி ஒரு காட்சியைக் கோவில்பட்டியில் பிறந்த நான் அதுவரை கண்டதில்லை. கோமதி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ துவைத்த சேலையை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "காயவே மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள். ஊர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கடல், டீ நிறத்தில் குமுறிக்கொண்டு இருந்தது. பாதம் என்ன, கரையே தெரியவில்லை.

அறையில் அவள் மூட்டுக்குத் தைலம் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர் பட்டியலில் இல்லாத டிக்கெட்டைத் தேடிய எனக்கு, இந்தப் பட்டியலில் ஒரே ஒரு இனம்தான் முக்கியம் என்பது ஏன் தெரியவில்லை? போக்குவரத்தும் உணவும் அவள் கேட்டதல்ல. தண்ணீருக்குள் நிற்கிற இரண்டு பாதங்கள். அதற்குத்தான் நான் ஒதுக்கீடு செய்திருக்கவேண்டும்.

கிளம்புகிற அன்று காலை லாட்ஜ் வாசலில் இருந்து சத்தம் கேட்டது. "ஏங்க, இங்கன வாங்க! வெரசா வாங்க!"

விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். மலைச்சரிவில் கட்டிய லாட்ஜ் அது. மேலிருந்து இறங்கிய மழைத்தண்ணீர் வாசல் சிமெண்டுத் தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தேங்கி ஓடிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடுவில் நின்றாள்.

"பாதம் தெரியுது பாத்தீங்களா?"

தெரிந்தது. மெட்டியும் தெரிந்தது. எங்கள் ஊரில் மழைத்தண்ணீரில் கால் வைத்தால் கரிசல் மண் செருப்போடு கெண்டைக்கால்வரை ஏறி ஒட்டிக்கொள்ளும். கால் இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்கவேண்டும். மழைத்தண்ணீருக்குள் தன் காலை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள். போனேன். எங்கள் நாலு பாதங்களையும் லாட்ஜ்காரர் படம் எடுத்துக் கொடுத்தார்.

போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள்: "இதுக்கு இம்புட்டுத் துட்டு எதுக்கு? நம்ம மொட்டமாடிக் குழாயைத் திறந்து விட்டிருந்தாலே போதுமே!"

ஊர் திரும்பியதும் படத்தை அவள் மாடி டீச்சரிடம் காட்டினாள். எந்தக் கடற்கரை என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. (இணைப்பு இல்லாத பட்டியலை நான் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.)

ஆனால் வாடகை திரும்பி வராத கதை இடைசெவலுக்குப் போய்விட்டது. இந்தப் புரட்டாசியில் விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பெருமாள் போன் செய்தான்.

"அத்தான், அக்காவைக் கூட்டிக்கிட்டு நம்ம ஊருக்கு ஒரு டூர் போடுங்க. துட்டு திரும்பி வராத டிக்கெட்டாப் பாத்துப் போடுங்க. அப்பத்தான் விடாமப் பெய்யும்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் குரலில் விளையாட்டு பாதிதான் இருந்தது. மறுநாளே டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். குடை எடுக்கவில்லை.

சாயங்காலம் மேகம் திரண்டது. தூறல் விழுந்தது, வலுத்தது, எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்தோம். அத்தோடு நின்றுவிட்டது. பெருமாள் காட்டுக்குப் போய் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, காலில் கரிசலை அப்பிக்கொண்டு திரும்பினான்.

"அரை உழவுதான். வேற எப்படி இருக்கும்? டவுன் பஸ்ல பொம்பளையாளுக்கு ஓசி, அக்காவுக்கு டிக்கெட்டே கெடையாது. அத்தான் எடுத்த ஒத்த டிக்கெட்டுக்கு இம்புட்டுத்தான் பெய்யும்."