காளான் சொன்ன அருள்வாக்கு

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சாமி வந்தது. அதுவும் சாமி இல்லை, காளான். இதை மறுநாளே ஒப்புக்கொண்டேன். அப்பா நம்பவில்லை.

ஃபிஜியில் பட்டாளம் முதல் முறையாக ஆட்சியைப் பிடித்த வருஷம். சிகடோகா பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கியைப் பார்த்ததும் வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். ஹோட்டல் எங்களை வீட்டுக்கு அனுப்பியது. பா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பியபோது என் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவசரமாக ஓடிய விருந்தாளி ஒருவன் அறையில் விட்டுப்போனது. மனித மனத்துக்கு ஏழு வட்டங்கள் உண்டு, மாட்டுச் சாணத்தில் முளைக்கும் ஒரு காளானைத் தின்றால் ஒவ்வொன்றாகத் தாண்டலாம் என்று எழுதி, மூன்று வட்டம் வரை படமும் போட்டிருந்தான். மீதி நாலையும் கண்டுபிடிக்கப் பிறந்தவள் நான்தான் என்று முடிவு செய்தேன். (வயது இருபத்திரண்டு. வேலை இல்லை. வேறென்ன முடிவு செய்வேன்?)

வீட்டில் அப்போது ஒரே பேச்சு நியூசிலாந்துதான். ஆக்லாந்திலிருந்த சித்தப்பா ஏற்பாடு செய்து, எங்கள் மூன்று பேருக்கும் காகிதங்கள் வந்துவிட்டன. அப்பா கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. காலையில் "போகலாம்" என்பார், சாயந்திரம் "நெலத்தை விட்டுட்டா?" என்பார். எனக்கோ போயே ஆகவேண்டும். அங்கே போனால் படிக்கலாம், வேலை கிடைக்கும். அந்தக் கையெழுத்துக்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை. அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை.

மாரியம்மன் திருவிழா அன்று காலை, மழை விட்டதும் மேய்ச்சல் நிலத்தில் காளானைப் பறித்துத் தின்றேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒரு வட்டமும் வரவில்லை. வெள்ளைக்காரன் கதை விட்டிருக்கிறான் என்று திட்டிவிட்டு, குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

பம்பை அடித்ததும் வந்தது. மேளச் சத்தம் மஞ்சளாகத் தெரிந்தது. பூசாரியின் மீசை தனியாக மூச்சு விட்டது. நாலாவது வட்டம் இதுதான், எழுதிவிடலாம் என்று பார்த்தால் என் கைகளைக் காணவில்லை. அவற்றைத் தேடி நான் சுற்றிச் சுற்றி வந்ததை ஊர் சாமியாட்டம் என்று நினைத்துவிட்டது. யாரோ என் முடியை அவிழ்த்தார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டி, வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

"வந்திருக்கறது யாரு தாயே?" என்றார் பூசாரி.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வயசுக்காரர்களுக்கு வாயில் வருவது ஃபிஜி இந்திதான். எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் அம்மா என்னைத் திட்டும்போது காதில் விழுந்த தமிழ். அம்மன் முன்னால் தமிழில்தான் பேசவேண்டும் என்று மட்டும் எப்படியோ உறைத்தது.

"யாருன்னு தெரியலே? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

கூட்டம் சிலிர்த்துப்போனது. இந்தி பேசும் பெண்ணின் வாயில் இவ்வளவு தமிழா! வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து முனுசாமி மாமா, கனடா போகலாமா என்று கேட்டார். "மொதல்ல காலைக் கழுவிட்டு வா!" என்றேன். அழுதுகொண்டே குழாயடிக்கு ஓடினார். (காலைக் கழுவிக்கொண்டு கனடாவுக்கும் போனார். சௌக்கியமாக இருக்கிறார்.)

அடுத்து அப்பா. என்னைப் பெற்றவர் என் முன்னால் கைகூப்பி நின்று, "மாதா, நாங்க நியூசிலாந்து போவட்டுமா?" என்றார்.

போ. அந்த ஒரு சொல் போதும். அதைத்தான் தேடினேன். ஆனால் என் அம்மா என்னை ஒருநாளும் எங்கேயும் போகச் சொன்னதில்லையே! இருந்த சரக்குதான் வந்தது.

"எங்கேயும் போக வேணாம். வாயை மூடிக்கிட்டு வூட்ல கெட!"

அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மறுநாள் தெளிந்ததும் நோட்டைக் காட்டி, காளான் கதையைச் சொல்லி அழுதேன். "சாமி வந்தவங்களுக்கு வந்ததே தெரியாது பேட்டி," என்று (பேட்டி என்றால் இந்தியில் மகள்) என் தலையைத் தடவிவிட்டு, நாங்கள் வரவில்லை என்று சித்தப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, நீயாவது சொல்லு. அது காளான்!"

"தெரியும்," என்றாள் அம்மா, ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "அத்தனையும் நான் பேசற பேச்சு. மொத வார்த்தையிலேயே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ ஏன் சொல்லலே?"

"எனக்குப் போவ இஷ்டமில்லே. என்னைத்தான் யாரும் கேக்கலியே."

நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதற்காகக் கோபம் குறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன். அம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை.

எட்டு வருஷம் அங்கேயே கிடந்தேன். பிறகு நிலத்தின் குத்தகை முடியப்போகிறது என்று தெரிந்தது. அக்கம்பக்கத்தில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. அந்த வருஷத் திருவிழாவில் பம்பை அடித்ததும் அம்மா தானே முடியை அவிழ்த்துக்கொண்டாள். "இன்னும் என்ன இங்கே குந்திக்கினு இருக்கே? கெளம்பு!" என்று அப்பாவைப் பார்த்து ஒரு அதட்டல். (அன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கூடவே இருந்தேன்.) அப்பா மறுநாளே காகிதங்களுக்காகச் சித்தப்பாவுக்கு மறுபடி கடிதம் எழுதிவிட்டு, பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

இப்போது ஆக்லாந்தில் இருக்கிறோம். சோபாவை எந்தப் பக்கம் போடுவது என்று சண்டை வந்தால்கூட, அம்மாவின் கை கொண்டைப் பக்கம் போனதும் அப்பா எழுந்துவிடுகிறார். "அவுத்துடாதே தாயே, நீ சொன்ன பக்கமே போட்டுடறேன்!"