நான் சாகடித்த சொல்தா

அடுத்தவர் எழுதிய நல்ல வரியைப் படித்தால் சிலருக்குக் கண்ணீர் வரும். எனக்கு வயிறு எரியும். (மோர் குடித்தும் பார்த்தாயிற்று.)

அருள்தாஸும் நானும் ஒரே பத்திரிகையில் நிருபர்களாக இருந்தவர்கள். நான்தான் முதலில் வேலையை விட்டுவிட்டுப் போர்க்கால நாவல் எழுத வந்தேன். இரண்டு வெளிவந்தன, இரண்டும் என் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகப் பத்திரமாக இருக்கின்றன. பிறகு அவனும் வேலையை விட்டான். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைக்காகச் சண்டை போட்ட புதுச்சேரிச் சொல்தா ஒருவரைப் பற்றி எழுதினான். (எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் எல்லோரும் சொல்தாதான்.) என் மூன்றாவது நாவலை வாங்கி வைத்துக்கொண்டு வாய் திறக்காத அதே பதிப்பாளர், அவன் புத்தகத்தை உடனே போட்டார்.

"அக்கா, நீங்கதான் வாழ்த்துரை குடுக்கணும். நீங்க எனக்கு முன்னோடிக்கா" என்று நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கே வந்து புத்தகத்தைக் கொடுத்தான், பாவி.

முதல் வரியைப் படித்தேன். நன்றாக இருந்தது. மூடிவிட்டேன்.

படிக்காமல் வாழ்த்துவது நம் மேடைகளுக்குப் புதிதா என்ன? பின்னட்டையில் கதாநாயகன் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஆனால் வெளியீட்டு விழா மேடையில் என் பதிப்பாளர் உட்கார்ந்திருந்தார். அவரை அசத்திவிட வேண்டும் என்று ஒரு வேகம். போர் நாவலில் கதாநாயகன் கடைசியில் சாகாமல் என்ன செய்வான்? கைவசம் இருந்தது என் மூன்றாவது நாவலின் சாவு ஒன்றுதான். அதை எடுத்து விட்டேன்.

"கடைசியில் கபிரியேல் மணலில் விழுகிறாரே! தன் தண்ணீர்க் குடுவையை எதிரியிடம் நீட்டிவிட்டு, நம் கடற்கரையை நினைத்தபடி கண்ணை மூடுகிறாரே! அழுது தீர்த்தேன்."

முன்வரிசையில், கோட்டில் மெடல் குத்திய பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஏம்மா, நான் எப்போ செத்தேன்?"

அவர்தான் கபிரியேல். அருள்தாஸின் பெரியப்பா. நாவலே அவர் கதைதானாம்; கடைசி அத்தியாயத்தில் ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொள்கிறாராம். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "செத்தவருதான் காலையில ரெண்டு தட்டு இட்லி சாப்ட்டாரு" என்றார். அரங்கமே சிரித்தது. பதிப்பாளர் போர்த்தியிருந்த பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே உயிர் போய்விடாதா என்றிருந்தது.

கீழே இறங்கியதும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவன் எழுதனதுல சும்மா கப்பல் ஏறி வந்துடறேன்மா. நீ சொன்ன சாவு ஷோக்கா இருக்கு. டேய் அருளு, அதையே போடுடா!"

போட்டுவிட்டான். இரண்டாம் பதிப்பில் அவர் என் மணலில், என் தண்ணீர்க் குடுவையோடு செத்தார். அந்தக் காட்சிக்காகவே பரிசு கிடைத்தது. பரிசு விழாவிலும் என்னைத்தான் வாழ்த்தச் சொன்னார்கள். வாழ்த்தினேன், வயிறெரிய.

பிறகு பதிப்பாளர் ஒருவழியாக என் மூன்றாவது நாவலைப் படித்தார். "எல்லாம் நல்லாருக்கும்மா. கடைசி சீன் மட்டும் அருள்தாஸ் புக்குலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார்.

இப்போதும் நான் ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தால் என் கணவர் தவறாமல் சொல்வார்: "நல்லாருக்கா? அப்படியே பத்திரமா வை. எவனையும் வாழ்த்திடாத."