புகை வெளியீட்டு விழா

சென்னை மாநகரில் புகை என்று ஒன்று இருப்பது எழுபதுகளின் நடுவில்தான் அதிகாரபூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பலர் அதை மூக்காலும் வாயாலும் அனுபவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் யாரும் அதை உரிய வழியாகத் தெரிவித்திருக்கவில்லை.

கண்டுபிடிப்பு நிகழ்ந்தது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில். அங்கெல்லாம் கார்ப் புகைக்குச் சட்டம் வந்துவிட்டது, வேகப் பந்தயக் கார் எஞ்சின்களின் எதிர்காலமே சந்தேகமாகிவிட்டது என்று அதில் ஒரு கட்டுரை இருந்தது. மேலிடத்தில் ஒருவர் அதைப் படித்தார். நாம் பின்தங்கிவிடக் கூடாது என்று நினைத்தார். கட்டுரை பந்தயக் கார்களைப் பற்றியது என்பதால் நம்முடைய விதியும் பந்தயக் கார்களுக்கே போடப்பட்டது. நகரத்தில் அப்படிப்பட்ட கார்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம் என்பதால், விதியை முழு வீச்சில் அமல்படுத்துவதும் எளிதாக இருந்தது.

கோப்புகளைத் தமிழில் எழுத வேண்டும் என்ற நல்ல உத்தரவு அப்போது நடப்பில் இருந்தது. 'எமிஷன்' என்ற சொல்லுக்கு 'வெளியீடு' என்று எழுதினார்கள். தப்பு சொல்ல முடியாது. உள்ளே இருப்பது வெளியே வருகிறது. 'வெளியீட்டுக் கட்டுப்பாட்டுப் பிரிவு' என்று ஒன்று பிறந்தது. அதற்கு வெளியீட்டில் நீண்ட அனுபவம் உள்ள அதிகாரி வேண்டும் என்று தேடினார்கள். நூல் வெளியீட்டுப் பிரிவில் தலை நரைக்கும்வரை உழைத்த சாரங்கபாணி கிடைத்தார். அவர் தம் பீரோவையும் ரப்பர் முத்திரைகளையும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு, லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்குக் குடிவந்தார்.

அந்த மாடிப்படியில் முதலில் ஏறியவன் ஜவஹர்.

பனகல் பார்க் பக்கம் துணிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் ஒரே மகன் அவன். அடையாற்றில் ஒரு தகரக் கொட்டகையில், பொன்னுரங்கம் என்ற மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு, பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை இரண்டு வருஷமாக இழைத்து இழைத்துப் பந்தயக் காராக்கியிருந்தான். எஞ்சினுக்கு இரட்டைக் கார்புரேட்டர். அது போனால் பின்னால் ஒரு இழை புகை தெரியாது. சத்தம் மட்டும் திருவல்லிக்கேணி வரை கேட்கும்.

சுயம்புலிங்கத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் நாகரிகத்துக்கு விரோதி அல்ல. பெல்பாட்டத்தை மனமார ஆதரித்தவர் அவர். முன்பு ஒரு பேண்ட் தைத்த துணி இப்போது ஒரு காலுக்குப் போயிற்று. அதனால் இளைஞர்களின் முன்னேற்றத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. காரில் துணியே இல்லை என்பதுதான் அவர் குறை.

"ஏலே, பிப்ரவரியில சோழவரம் பந்தயத்துல ஓட்டு. செயிச்சுட்டேன்னா நான் ஒண்ணும் பேசல. இல்லன்னா வண்டிய வித்துட்டுக் கடையில வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஜவஹருக்குப் பாப்ளின் துணி கிழிக்கும் சத்தம் கேட்டாலே பல் கூசும். ஜெயிப்போம் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது. ஆனால் வெளியீட்டு அனுமதி இல்லாத கார் புறப்படும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது என்று பந்தயம் நடத்துபவர்கள் அறிவித்திருந்தார்கள். அவர்களுக்கு அப்படி அறிவிக்கச் சொல்லி அறிவிப்பு வந்திருந்தது.

சாரங்கபாணி அவனை அன்போடு உட்காரவைத்தார். பேனா மூடியைக் கழற்றி, ஆசிரியர் பெயரைக் கேட்டார்.

ஜவஹருக்குப் புரியவில்லை. வண்டிக்குத்தான் அனுமதி கேட்டு வந்திருக்கிறேன் என்றான்.

"தெரியும். வெளியிடப் போறது யாரு? நீங்களா, எஞ்சினா?"

"எஞ்சின்தான் சார்."

"அப்போ அதுதான் ஆசிரியர். நீங்க பதிப்பாளர். எத்தனை பிரதி?"

"சார், அது புகை."

"இருக்கட்டும். கவிதையா புகையாங்கறதெல்லாம் ஆபீசுக்கு முக்கியம் இல்லை. வெளியீடுன்னா வெளியீடு. ரெண்டு பிரதி முன்கூட்டியே குடுத்துடுங்கோ, குழு பார்க்கணும்."

புகையை எப்படி இரண்டு பிரதி எடுப்பது என்று ஜவஹர் கேட்டான். அது பதிப்பாளரின் பொறுப்பு என்று சாரங்கபாணி மரியாதையாகத் தெரிவித்தார்.

பொன்னுரங்கத்திடம் போய்ச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. "இன்னா நைனா, புட்பால் பிளாடர் கீதே, அதுல புட்சிக் குட்த்துட்டாப் போவுது" என்றான். சைலன்சரில் பிளாடரைச் செருகி இரண்டு பிரதி எடுத்தார்கள். வாய்களை நூலால் இறுக்கிக் கட்டி, லஸ்ஸுக்கு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

முதல் பிரதி அலுவலகத்திலேயே காலமாயிற்று. எந்தத் தாள் வந்தாலும் ஓட்டை போட்டு டேக் கோப்பது அங்கே பழக்கம். பியூன் அதன்படியே செய்தான். இரண்டாவது பிரதியைக் குழுவின் மூன்று பேரும் கூடி, வாயைப் பிரித்து, முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அந்த எஞ்சின் அவ்வளவு சுத்தமாக எரித்துத் தள்ளியது. பத்து நாளில் பதில் வந்தது:

'தங்கள் வெளியீட்டில் உள்ளடக்கம் ஏதும் இல்லை. கருத்து தெளிவாகப் புலப்படும்படி திருத்தி மறுபடியும் சமர்ப்பிக்கவும்.'

ஜவஹர் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினான். புகை இல்லாதிருப்பதுதானே இந்த விதியின் நோக்கம் என்று கேட்டான்.

சாரங்கபாணி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "நோக்கம் வேற, நடைமுறை வேற. வெறும் தாளைக் கொண்டுவந்து இதுதான் என் நூல்னா நான் முத்திரை குத்த முடியுமோ? கட்டுப்படுத்தறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே கட்டுப்படுத்த முடியும்? ஒண்ணுமே இல்லைன்னு எழுதினா, நான் பார்க்கவே இல்லைன்னு ஆடிட்ல சொல்லுவா."

பந்தயத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை பொன்னுரங்கம் பெட்ரோல் டாங்கியில் எஞ்சின் ஆயிலை ஊற்றினான். ஊற்றும்போது ஜவஹர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எஞ்சின் இருமிற்று. பிறகு அடையாறு முழுக்கத் தெரியும்படி தன் கருத்தைச் சொல்லத் தொடங்கிற்று.

புதிய பிரதிகளைக் குழு வெகுவாகப் பாராட்டியது. மூவரில் ஒருவர் அன்று லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கோப்பில் எழுதியிருந்த வரி: 'கருத்து அடர்த்தி மிக்கது. நெஞ்சைத் தொடுகிறது.'

ஜவஹர் அனுமதியைக் கேட்டு நின்றான். அனுமதி தயாராக இருந்தது, விழா முடிந்ததும் தரப்படும் என்றார்கள்.

"என்ன விழா?"

"வெளியீட்டு விழாதான். விழா இல்லாம யாராவது வெளியிடுவாளோ?" என்றார் சாரங்கபாணி. அவனுடைய அறியாமை அவரை உண்மையாகவே வருத்தியது.

இன்னொரு சங்கதியும் அப்போதுதான் தெரிந்தது. அனுமதி முதல் பதிப்புக்கு மட்டும். எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது மறுபதிப்பு. ஆயில் இல்லாமல் ஓட்டினால் அது திருத்திய பதிப்பு. இரண்டுக்கும் புதிதாக மனுப் போட்டு, பிளாடரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜவஹர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். கிளப்பியது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்?

சாரங்கபாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விதிகளைப் புரட்டினார். "நிக்காத வரைக்கும் ஒரே பதிப்புதான். ஆனா நான் கூடவே வந்து பார்க்கணும்."

ஆகவே பந்தய நாள் காலையிலேயே விழா வைக்கப்பட்டது. லஸ்ஸில் வெளியிட்டு, நிறுத்தாமல் சோழவரம் போய், நிறுத்தாமல் ஓட்டி, நிறுத்தாமல் ஜெயிப்பது என்று ஏற்பாடு.

ஒரு சிறிய மண்டபம் எடுத்தார்கள். கார் உள்ளே நுழையாததால் அதைத் தெருவில் நிறுத்தி, நாற்காலிகளைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். சாரங்கபாணியின் மகள் விஜயலக்ஷ்மி இறைவணக்கம் பாடினாள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை தாங்கி, எஞ்சினைத் தாம் இன்னும் முழுமையாகப் படிக்கவில்லை, ஆங்காங்கே புரட்டிப் பார்த்ததில் சிறப்பாக இருப்பதாகத் தெரிகிறது என்று பேசினார். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள அபிராமபுரத்து மாவு மில் முதலாளி வந்திருந்தார். இருபது வருஷமாக நகரத்தில் எது வெளியானாலும் முதல் பிரதியை அவர்தான் பெற்றுக்கொள்வது வழக்கம். என்ன வெளியாகிறது என்று அவர் கேட்டதே இல்லை.

சுயம்புலிங்கமும் வந்திருந்தார். மகன் தோற்பதை அருகிலிருந்து பார்க்கலாம் என்று வந்தவர், கடையிலிருந்து ஒரு டஜன் பொன்னாடை கொண்டுவரச் சொல்லி விழா நடத்துபவர்கள் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மில் முதலாளி வெள்ளை ஜிப்பாவோடு சைலன்சருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் நீட்டினார். சாரங்கபாணி தலையசைத்தார். ஜவஹர் சாவியைத் திருப்பினான்.

சிறிது நேரம் யாரும் எதையும் பார்க்கவில்லை. புகை விலகியபோது மில் முதலாளி நின்ற இடத்தில் நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார். பல் மட்டும் தெரிந்தது. கரவொலி அடங்க நேரமாயிற்று. போட்டோ எடுத்தார்கள். கறுத்த ஜிப்பாவின் மேல் சரிகைப் பொன்னாடை எடுப்பாக இருந்தது.

ஓடும் எஞ்சினோடு ஜவஹர் புறப்பட்டான். பக்கத்துச் சீட்டில் சாரங்கபாணி, மடியில் கோப்பு. பின்னால் ஸ்கூட்டரில் பொன்னுரங்கம். ராயப்பேட்டை தாண்டுவதற்குள் எஞ்சின் திக்கிப் பேசத் தொடங்கியது. பிளக்கெல்லாம் கரி. மவுண்ட் ரோட்டில் ஒரு பஸ் இவர்களுக்கு முன்னால் நின்றது. ஜவஹர் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துக் கெஞ்சினான். பஸ் கிளம்பும்போது ஒரு பெரிய கறுப்புப் புகையை விட்டது. அதை இழுத்துக்கொண்ட எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது.

சுற்றிலும் ஹார்ன் சத்தம். சாரங்கபாணி கோப்பைத் திறந்து, 'முதல் பதிப்பு இத்துடன் தீர்ந்தது' என்று எழுதி, தேதி போட்டார்.

ஜவஹர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பிறகு மெதுவாக நிமிர்ந்து, போய்க்கொண்டிருந்த பஸ்ஸைக் காட்டினான்.

"சார், என் வண்டிக்கு இத்தனை கேட்டீங்களே. அதுக்கு யார் அனுமதி கொடுத்தா?"

"அதுக்கு வேண்டாம்."

"ஏன்?"

"நீங்க வெளியிட்டது தனி நூல். அது தினம் வர்றது. நாளிதழுக்கு முன்அனுமதி கிடையாது."

பொன்னுரங்கம் கறுத்த முகத்தோடு ஸ்கூட்டரை நிறுத்தி இதைக் கேட்டான். "வா நைனா, தள்லாம்" என்று மட்டும் சொன்னான்.

கார் அந்த மாதமே விற்கப்பட்டது. சோழவரத்தில் யார் ஜெயித்தார்கள் என்று ஜவஹர் விசாரிக்கவில்லை. அனுமதி வாங்கிய வேறு கார் எதுவும் இல்லாததால், அன்றைய பந்தயத்தில் கொடியசைத்தவரைத் தவிர யாரும் கலந்துகொள்ளவில்லை என்று பிறகு ஒருவர் சொன்னார்.

ஆனால் மில் முதலாளியின் போட்டோ பேப்பரில் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிரமுகர்களுக்குத் தூக்கம் போயிற்று. ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டர் தம் புது ஸ்கூட்டருக்குப் புகை வெளியீட்டு விழா வைத்தார். தி. நகரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த காருக்கு வைத்தார்கள். எவ்வளவு கரி படிந்திருக்கிறதோ அவ்வளவு பெரிய மனிதர் என்று ஆயிற்று. சுத்தமான முகத்தோடு மேடை ஏறுவது நன்றாக இருக்காது என்று சிலர் வீட்டிலேயே கொஞ்சம் தடவிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் பொன்னாடை வேண்டியிருந்தது. சுயம்புலிங்கம் அதற்கென்று கடையில் தனிப் பகுதி திறந்தார். அதில் ஜவஹரை உட்காரவைத்தார்.

"ஏலே, அந்த எஞ்சின விக்காம வச்சிருக்கலாம்ல. நல்லாப் புகைஞ்சுது" என்று அடிக்கடி வருத்தப்பட்டார்.

ஒரு நாள் மாலை சாரங்கபாணி கடைக்கு வந்தார். பதவி உயர்வாம். அவருக்கே விழா எடுக்கிறார்கள். தமக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையைத் தாமே பார்த்து எடுத்துப்போக வந்திருந்தார். ஜவஹர் நாலைந்தை விரித்துப் போட்டான். வாசலில் ஒரு பஸ் வந்து நின்று, அடுக்கி வைத்திருந்த வெள்ளை வேட்டிகளின் மேல் விட வேண்டியதை விட்டுவிட்டுப் போயிற்று. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இருமினார்கள். பிறகு விலை கேட்பதைத் தொடர்ந்தார்கள்.

"சார், அந்த நாளிதழை நிறுத்தவே முடியாதா?" என்று ஜவஹர் கேட்டான்.

"முடியுமே. சந்தாதாரர்கள் வேண்டாம்னு சொன்னா நிறுத்திட வேண்டியதுதான். விதியிலேயே இருக்கு."

"யார் சார் சந்தாதாரர்?"

சாரங்கபாணி கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். இருமி முடித்த பெண்களையும், பெல்பாட்டத்துக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்த பையன்களையும், வேட்டிகளைத் தட்டிக்கொண்டிருந்த சுயம்புலிங்கத்தையும், கடைசியில் ஜவஹரையும் பார்த்தார்.

"எல்லாரும் ஆயுள் சந்தா. ஒரு நாள் விடாம வாங்கிக்கறேள். வேண்டாம்னு இன்னி வரைக்கும் ஒருத்தராவது வாயைத் திறந்ததுண்டோ?"

ஜவஹருக்குச் சுருக்கென்றது. இப்போதே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான்.

அடுத்த பஸ் வந்தது. மாலைப் பதிப்பு நேராக உள்ளே போயிற்று.