மாமியார் வளையில் ஒரு சர்வர்

ஒரு காட்டில் செவியன் என்று ஒரு முயல் இருந்தது. மகா புத்திசாலி. அதைத் தினமும் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அதற்குப் புல் உள்ளே இறங்காது.

அந்தக் காட்டு ராஜா சிங்கம், 'காட்டு வம்பு' என்ற இணையதளத்தைத் தடை செய்திருந்தது. உடனே நரி ஒரு வி.பி.என். கடை திறந்தது. காசு கொடுத்தால் பக்கத்துக் காட்டு வழியாகப் போய் வம்பு படிக்கலாம். படித்தது யார் என்று ராஜாவுக்குத் தெரியாது. காடே வரிசையில் நின்றது.

"நீயும் சேர்ந்துக்கோயேன்ப்பா," என்றது பக்கத்துப் புதர் ஆமை.

"நரியை நம்பியா? நான் போறது வர்றது எல்லாத்தையும் எழுதி வச்சுக்கும். எனக்கென்ன தலையெழுத்தா? சொந்தமா வைக்கிறேன், பாருங்கண்ணே!"

சொந்தமாக ஒரு சர்வர் பெட்டியை வைத்தது. பக்கத்துக் காட்டில், மாமியார் வளையில்.

"என்ன மாப்ளே இது, மினுக்கு மினுக்குன்னு எரியுது?"

"கொசுவிரட்டி அத்தை. அணைச்சிடாதீங்க."

அன்றே செவியன் பேர் போடாமல் வம்பில் எழுதியது: 'ராஜாவின் பிடரி டோப்பா.' காடு விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா கர்ஜித்த வேகத்தில் டோப்பா மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது.

"எழுதினவன்தான்டா இன்னிக்கு எனக்குச் சாப்பாடு!"

துப்பறியும் கீரி ஒரே நாளில் மாமியாரை இழுத்து வந்தது.

"நரிக்கடை வழியா வந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கவே முடியாது மகாராஜா. மொத்தக் காடும் அதுலதான் போகுது, என் சம்சாரம் உட்பட. நரிக்கோ எழுதப் படிக்கவே தெரியாது. ஆனா இது தனி வழி. போக வர ஒரே ஆளு."

"ஐயோ சாமி, அது என் மாப்பிள்ளை வச்ச கொசுவிரட்டி," என்று அலறியது மாமியார். "அதுல இதுவரைக்கும் ஒரு கொசு செத்ததில்லை!"

செவியனைப் பிடித்து வந்தார்கள். ராஜா வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, அதன் காதருகே குனிந்தது.

"நீயேவா வச்சே? தடை போட்டதுலேர்ந்து என்னைப் பத்தி என்ன எழுதுறானுங்கன்னு எனக்கே படிக்க முடியலைடா. எனக்கும் ஒண்ணு வச்சுக் கொடு."

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் செவியன் வைத்துக் கொடுத்தது. பிறகு ராணிக்கு. பிறகு ராணியின் தம்பிக்கு. நெட் வரலை, சுத்திக்கிட்டே இருக்கு, நீ வந்து தொட்டதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சு என்று விடிந்தால் எழுந்தால் ஒரே கூப்பாடு.

ஒருநாள் செவியன் தானாகவே போய் ராஜாவின் தட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"சாப்பிட்டுடுங்க மகாராஜா. புண்ணியமாப் போகும்."

"அதெல்லாம் அப்புறம்," என்று போனை நீட்டியது ராஜா. "பாஸ்வேர்டு மறந்துபோச்சு, என்னன்னு பாரு."

நீதி: ஏமாறுவதென்றால் ஊரோடு சேர்ந்து ஏமாறு. தனியாகப் புத்திசாலியாக இருந்தால் நிம்மதியாகச் சாகக்கூட விட மாட்டார்கள்.