ஆறங்குலம் உயர்ந்தவர்

மனித குலம் மரத்திலிருந்து இறங்கியது ஒரு பெரும் பிழை. இதை எந்த விஞ்ஞானியும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் வசிக்கும் திருவாளர் ஜெயரட்ணம் அவர்கள்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நில்லாமல் திரும்பவும் மேலே ஏறிவிட்டார்.

ஏறியது மரத்தில் அல்ல, பிக்கப் ட்ரக்கில். கம்பனிக்காரன் புத்தியில்லாமல் உயரமின்றிப் பதிவாகச் செய்துவிட்ட வாகனத்தை, நண்பர் றொய்சனின் வாகனம் திருத்தும் கராஜில் கொடுத்து ஆறங்குலம் 'லிஃப்ட்' பண்ணினார். உழவு இயந்திரம் கண்டால் ஒதுங்கி வழிவிடக்கூடிய ரயர்களைப் பூட்டினார். விழுந்த மரங்களை இழுக்க முன்னால் இரும்புக் கம்பி சுற்றிய வின்ச், கூரையில் விளக்கு வரிசை, ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சுவிட ஒரு நீண்ட குழாய். வோபர்னிலிருந்து மிசிசாகாவில் அவருடைய அலுவலகம் வரை வழியில் ஆறுகள் உண்டுதான். எல்லாவற்றுக்கும் பாலமும் உண்டு. ஆனால் பாலத்தை நம்பி ஒரு மனிதன் எவ்வளவு காலத்துக்கு வாழமுடியும்?

இந்த உயர்வுக்காக வீட்டிலிருந்த சின்னக் கார் விற்கப்பட்டது. மனைவி யோகமலர் அதுபற்றி ஓர் ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபம் முறைப்படி செவிமடுக்கப்பட்டது.

புது வாகனத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஐயர் நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, "மெதுவா முன்னுக்கு எடுங்கோ" என்றார். ஜெயரட்ணம் எடுத்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"நசிஞ்சுதே ஐயா?"

"இல்லை. பின்னுக்கு எடுங்கோ."

எடுத்தார்.

"இப்ப?"

"இப்ப தேசிக்காயையே காணேல்லை."

ரயரின் பள்ளங்களுக்குள் தேசிக்காய்கள் போய்ச் சொகுசாக உட்கார்ந்திருந்தன. முன்னும் பின்னும் எத்தனை முறை உருட்டியும் ஒரு சொட்டுச் சாறு வரவில்லை. கடைசியில் றொய்சன் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்துக் கொடுக்க, ஐயர் தன் சொந்தக் காலால் மிதித்து நசித்தார். அதனால் கண்ணூறு கழிந்தது வாகனத்துக்கா ஐயருக்கா என்று சாத்திரத்தில் சொல்லப்படவில்லை.

பூசை முடிந்து யோகமலர் வாகனத்தில் ஏறப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். மற்றக் கால் மறுத்துவிட்டது. அவருடைய வலது முழங்கால் சில வருடங்களாகவே தேய்ந்துகொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, எனக்கு உதுக்குள்ளை ஏறேலாது."

"பழகினால் சரியாப் போம்."

"பழகிறதுக்கு நான் என்ன குரங்கே? நான் பஸ்ஸிலை வாறன். நீங்கள் போங்கோ."

அவர் போனார். அன்று தொடக்கம் வேலைக்கு, கடைக்கு, கலியாண வீட்டுக்கு எல்லாம் யோகமலர் பஸ்ஸில்தான் போனார். ரொறொன்ரோவிலேயே மிகச் சிறப்பாக லிஃப்ட் செய்யப்பட்ட வாகனம் அந்த வீட்டு வாசலில் நின்றது. அதில் எவருக்கும் ஒரு லிஃப்ட் கொடுக்கத்தான் முடியவில்லை. அதன் பின்பெட்டியில் அதுவரை ஏற்றப்பட்ட அதிகூடிய பாரம் ஒரு கறிவேப்பிலைச் சாடி.

தமிழன் ஒருவன் ஒரு காரியத்தில் இறங்கினால் சும்மா விடமாட்டான். சங்கம் வைப்பான். ஜெயரட்ணமும் அவரைப்போல் மேலே ஏறிய சிலரும் சேர்ந்து ஒன்று தொடங்கினார்கள். ஓய்வுபெற்றவரும் எல்லாரிலும் உயரமான பிக்கப்பை வைத்திருந்தவருமான பொன்னம்பலம் தலைவரானார். ஸியாத் பொருளாளர், றொய்சன் செயலாளர், ஜெயரட்ணம் உபதலைவர். 'ஓஃப் றோட்' என்பதற்கு நல்ல தமிழ்ப் பெயர் வைப்பதிலேயே முதற் கூட்டம் கழிந்தது.

"ஓஃப் எண்டால் விலகல். றோட் எண்டால் வீதி. வீதி விலகியோர் ஒன்றியம்" என்றார் பொன்னம்பலம்.

"தடம் புரண்டோர் எண்டால் என்ன?" என்று கேட்டார் றொய்சன்.

"அது ரயிலுக்கெல்லோ."

"அப்ப வழி தவறியோர் எண்டு வையுங்கோ. வீட்டிலை எங்களை அப்பிடித்தானே சொல்லுகினம்" என்றார் ஸியாத்.

நீண்ட வாதப் பிரதிவாதங்களின் பின் 'கனடாத் தமிழ்ப் பாதையற்றோர் ஒன்றியம்' என்ற பெயர் ஏகமனதாக நிறைவேறியது. 'வழி தவறியோர்' என்ற பெயரை விரும்பியவர்கள், அதை முன்மொழிந்த ஸியாத்தை மட்டும் விட்டுவிட்டு, அதே ஏகமனதுடன் வெளியேறி, யூனியன்வில்லில் தனிச் சங்கம் வைத்தார்கள்.

ஒன்றியத்தின் முதலாவது களப்பயணம் நகருக்கு வடக்கே மரியோ என்பவரின் பண்ணைக் காணிக்குள் நடந்தது. போவதற்கு முதல் யோகமலர் வாசலில் நின்று சொன்னார்:

"சேத்துக்குள்ளாலை ஓடித் தப்பி வந்த சனம் நாங்கள். இப்ப காசு குடுத்துச் சேத்துக்கை போறியள்."

"அது வேறை சேறு" என்றார் ஜெயரட்ணம்.

வேறு சேறுதான். ஊர்ச் சேறு மனிதர்களைப் போகவிட்டது. இது விடவில்லை. ஆசனங்களில் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்ரிக் உறை கழற்றப்படாத நிலையில், ஜெயரட்ணத்தின் வாகனம் காணிக்குள் தன் சொந்த நீளத்துக்கு முன்னேறி, அங்கேயே நிரந்தரமாகக் குடியேறப் பார்த்தது. மரியோ தன் பழைய உழவு இயந்திரத்தால் கட்டி இழுத்தார். செயலாளர் றொய்சன் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை வாய்மொழியாக வழங்கினார்: "ரயரிலை ஒரு பிழையும் இல்லையண்ணை. சேத்திலைதான் பிழை."

அந்தச் சேற்றை ஜெயரட்ணம் கழுவவில்லை. நெற்றியில் திருநீறு போலக் கதவுகளில் அது இருந்தது. ஒவ்வொரு காலையும் 401 நெடுஞ்சாலையின் நெரிசலில், ஆமையும் அலுத்துப்போகும் வேகத்தில், கீழே ஊர்ந்துகொண்டிருந்த சின்னக் கார்க்காரர்களை அவர் இரக்கத்துடன் பார்த்தார். பாவங்கள். அவர்களும் அதே நேரத்துக்குத்தான் மிசிசாகா போய்ச் சேர்ந்தார்கள். என்றாலும் கீழேயிருந்து சேர்ந்தார்கள்.

இப்படி நாடு நலமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. யோகமலரின் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைத்துவிட்டது. நடக்கக் கூடிய காலத்தில் பதிந்து, நொண்டத் தொடங்கிய காலத்தில் கிடைத்த நாள். தவறவிட்டால் திரும்பவும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். உடற்பயிற்சி மருத்துவர் செலீன் ஒரேயொரு நிபந்தனைதான் சொன்னார். வீட்டுக்குப் போகும்போது நோயாளி தன் இடுப்பளவுக்கு மேலே உயர்ந்த எதிலும் ஏறக்கூடாது. காலைத் தூக்காமல் இருந்தபடியே உள்ளே திரும்பக்கூடிய வாகனம் வேண்டும்.

யோகமலர் ஒரு கோரிக்கைதான் வைத்தார். கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் அவர் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

"ஒரு நாளைக்கு ஸியாத்தின்ரை வீட்டுக் காரை வாங்கிக்கொண்டு வாங்கோ. சின்னக் கார். எனக்கு அது காணும்."

ஜெயரட்ணத்தின் நெஞ்சு திடுக்கிட்டது. பாதையற்றோர் ஒன்றியத்தின் உபதலைவர், தரையில் தேயும் ஒரு காரில், அதுவும் பொருளாளரின் மனைவி ரிஸ்மியா கடைக்குப் போகும் காரில், ஊர் பார்க்க மனைவியை ஏற்றிக்கொண்டு வருவதா? அவருக்கு மனைவியில் அன்பு இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. அன்பு இருந்தது. அது கொஞ்சம் உயரத்தில் இருந்தது.

"இஞ்சேருமப்பா, உம்மை மாதிரி ஆக்களுக்காகத்தானே நான் இதைச் செய்து வைச்சிருக்கிறன். மலையிலை ஏறுற வாகனம் உம்மை ஏத்தாதே?"

"மலையிலை ஏறுறது வாகனம். வாகனத்திலை ஏறுறது நானெல்லோ."

இந்த வாதத்தில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் பட்டது. ஆகவே ஒன்றியத்தின் அவசரப் பொதுக்கூட்டத்தைக் கூட்டினார். நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்: 'திருமதி ஜெயரட்ணத்தை ஏற்றுதல்.'

சாய்வுப் பலகை ஆராயப்பட்டது. ஏணி ஆராயப்பட்டது. முடிவில், வின்ச் என்று ஒன்று இருக்கும்போது மற்றவை எதற்கு என்று தலைவர் கேட்டார். றொய்சனின் கராஜில் ஒத்திகை நடந்தது. யோகமலருக்குப் பதிலாக ஒரு மூடை புழுங்கல் அரிசி நடித்தது. கம்பியைக் கூரை வளைக்கு மேலால் போட்டு, மூடையின் இடுப்பில் பட்டி கட்டி, ஜெயரட்ணம் பொத்தானை அமத்தினார். மூடை கம்பீரமாக எழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆசனத்தின் மட்டத்துக்கு வந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து, கதவு விளிம்பில் மோதி, வெடித்து, உறுப்பினர்கள் எல்லாருக்கும் அட்சதை போட்டது.

தலைவர் தலைமயிருக்குள்ளிருந்து அரிசியைத் தட்டிவிட்டார்.

"அரிசிக்குப் பிடிக்கிறதுக்குக் கையில்லை. அதாலைதான்" என்றார் பொன்னம்பலம். "தங்கச்சி பிடிப்பா."

தீர்மானம் நிறைவேறியது.

சிகிச்சைக்குப் போன காலையில் யோகமலர் எவரையும் கேட்காமல் ராக்சிக்குத் தொலைபேசி அடித்து, அதில் போனார். ஜெயரட்ணம் கூரை விளக்குகள் எல்லாம் எரிய, ஆபத்து எச்சரிக்கை மினுங்க, ராக்சிக்குப் பின்னால் பாதுகாப்பு வாகனமாக வந்தார். பிரதமர் ஒருவருடைய மனைவிக்குக்கூட இந்தக் கனடாவில் அப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டிலருகே நின்று மனைவியின் கையைப் பிடித்தபோது ஜெயரட்ணத்தின் கண் கலங்கியது உண்மை. "வீட்டை கூட்டிக்கொண்டு போறது என்ரை பொறுப்பு" என்று சொன்னார். யோகமலர் கண்ணை மூடிக்கொண்டார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. முதல்நாள் கொட்டிய பனியில் நகரம் வெளுத்துக் கிடந்தது. பாதையற்றோர் ஒன்றியம் முழுவதும் அணிவகுத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. நோயாளிகளை ஏற்றும் வாசலில் ஒரு கூரை இருந்தது. கூரைக்கு முன்னால் உயரத்தைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சட்டம் ஒன்று சங்கிலியில் தொங்கியது. ஜெயரட்ணத்தின் விளக்கு வரிசை அதில் 'டங்' என்று முட்டியது. நிலக்கீழ்த் தரிப்பிடத்திலும் ஒரு சட்டம் தொங்கியது. நகரத்திலே மனிதன் உயரக் கூடாது என்று நினைத்த எவனோ ஒருவன் எல்லா வாசலிலும் சட்டம் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

கடைசியில் வீதிக்கு அப்பால், வழிக்கும் இயந்திரம் குவித்து வைத்த பனிக்குன்று ஒன்று அவருடைய கண்ணில் பட்டது. நான்கு சில்லும் இழுக்கும்படி கியரை மாற்றினார். வாகனம் உறுமியது, ஏறியது, உச்சியில் போய் நின்றது! அவருடைய வாழ்வின் முதலாவது உண்மையான பாதையற்ற பயணம். பொன்னம்பலம் கீழே நின்று ஆனந்தக் கண்ணீர் விட்டார். முன்னால் நின்று ஒரு படம், பக்கத்தில் நின்று ஒரு படம், ஒன்றியத்தினர் எல்லாரும் சேர்ந்து ஒரு படம். பிறகுதான், எதற்காக வந்தோம் என்பது உபதலைவருக்கு நினைவு வந்தது.

அவர் ஓடிப்போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்பைக்கூட மாற்றிவிட்டார்கள். அங்கே நின்ற இளம் தாதி துர்க்காவைப் பிடித்தார்.

"பிள்ளை, இதிலை இருந்த யோகமலர் எங்கை?"

"அன்ரி இப்பதான் கீழை போறா. நீங்கள் அன்ரிக்கு யார், அங்கிள்?"

"நான் அவவின்ரை மனுசன்."

துர்க்காவின் முகம் வெளிறியது. "நோ… அன்ரியின்ரை ஹஸ்பண்ட் செத்திட்டாரே?"

"ஆர் சொன்னது?"

"அன்ரிதான். காலமை செலீன் கேக்கச் சொன்னவ, வீட்டை கூட்டிக்கொண்டு போக ஹஸ்பண்ட் வருவாரோ எண்டு. நான் கேட்டன். 'அவர் மேலை போட்டார் பிள்ளை, இனிக் கீழை வரமாட்டார்' எண்டு அன்ரி சொன்னா."

துர்க்கா ரொறொன்ரோவில் பிறந்த பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முதற் பரிசு வாங்கியவள். ஒருவர் மேலே போய்விட்டார் என்றால் தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் செலீனுக்கு மொழிபெயர்த்தாள். செலீன் யோகமலரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார். துணையில்லாத நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு வான் இருந்தது. அதை ஒழுங்கு செய்துவிட்டார்கள். யோகமலர் எதையும் திருத்தவில்லை.

ஜெயரட்ணம் படிகளில் பாய்ந்து இறங்கினார். துர்க்காவும் பின்னால் ஓடிவந்தாள். பக்கவாசலில் அந்த வான் நின்றது. பின்கதவு திறந்திருக்க, ஓர் இரும்புத் தட்டு நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. சாரதி சக்கர நாற்காலியை அதில் தள்ளிவிட்டுப் பொத்தானை அமத்தினார். யோகமலர் காலைத் தூக்காமல், அரிசியாகச் சிந்தாமல், கோயில் கொடியைப் போல மெதுவாக மேலே எழுந்தார். எழுந்து நின்ற இடத்திலிருந்து கணவனைக் குனிந்து பார்த்தார். ஜெயரட்ணம் பனிக்குள் கணுக்கால் புதைய நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

"அன்ரி," என்றாள் துர்க்கா, "இந்த அங்கிள் உங்கடை ஹஸ்பண்ட் எண்டு சொல்லுறார்."

"ஓம் பிள்ளை. முந்தி."

"இஞ்சேருமப்பா, என்ன விசர்க் கதை! நான் எங்கை செத்தனான்? ட்ரக் ஒண்டுதானே வாங்கினனான்?"

சாரதி கதவைச் சாத்த வந்தார். யோகமலர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் இருந்தது."